கம்பளி விரிப்பைச் சுத்தம் செய்யும் முறை

தூய்மைக்கு நம் மார்க்கம் அளித்துள்ள இடத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஐந்து வேளை கைகால் முகம் கழுவும் மக்கள் நாம். உடலைக் கழுவுகிறோம், உடையைத் துவைக்கிறோம், தொழும் இடத்தைப் பெருக்குகிறோம். ஆனால் அவ்விடத்தில் விரித்துக் கிடக்கும் கம்பளி விரிப்பை மட்டும் அனேக வீடுகளில் ஆண்டுக்கணக்காக எவரும் கவனிப்பதில்லை. மேலாகப் பெருக்கினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அல்லது பெருநாள் நெருங்கும்போது திடீரென நினைவு வந்து, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கை சோப்புத்தூளும் கொட்டி, முரட்டுத் தூரிகையால் தேய்த்து, சுவரில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் வீடெல்லாம் ஈரநாற்றம் வீசுகிறது. முன்னது அசட்டை, பின்னது அவசரம். இரண்டினாலும் கெடுவது விரிப்புத்தான்.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின் காரணமாக நம் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, மீண்டும் திறந்தபோது, தொழ வருவோர் தத்தம் விரிப்பைக் கையோடு கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. ஒவ்வொருவரும் தம் விரிப்பைத் தாமே பேணவேண்டும் என்ற எண்ணம் அப்போது நம்மிடையே வலுப்பெற்றது. அந்த எண்ணம் நல்லது. ஆனால் எண்ணம் மட்டும் போதாது. முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கம்பளி விரிப்பை வீட்டிலேயே ஆழச் சுத்தம் செய்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக ஆராய்வோம்.

ஜமக்காளம் வேறு, கம்பளம் வேறு

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த விரிப்புகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, பத்தமடை போன்ற ஊர்களின் கோரைப்பாய். மற்றொன்று, பவானி முதலிய ஊர்களின் பருத்தி ஜமக்காளம். பாயைத் துடைத்தால் போதும். ஜமக்காளத்தை ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, வெயிலில் காயப்போடலாம். பருத்தி அதைத் தாங்கும். இந்தப் பழக்கம் நம் கையில் ஊறிப்போயிருக்கிறது. கம்பளி விரிப்புக்கும் அதையே செய்யப் போவதுதான் தவறுகளுக்கெல்லாம் மூலம்.

கம்பளி என்பது ஆட்டின் மயிர். நம் தலைமயிரைப் போலவே அதுவும் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்புறம் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய செதில்களால் மூடப்பட்டுள்ளது. ஆட்டின் உடலில் ஊறும் ஒருவகை மெழுகும் அதில் சிறிதளவு ஒட்டியிருக்கும். இவ்விரண்டினாலும் அழுக்கும் நீரும் கம்பளியில் உடனே இறங்குவதில்லை. கம்பளிக்குத் தீங்கு செய்பவையும் இந்த அமைப்பிலிருந்தே விளங்கும்.

முதலாவது, சூடும் உராய்வும். வெந்நீரில் கம்பளியைப் போட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, நூல் சுருங்கி, அட்டைபோல் கெட்டியாகிவிடும். பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது.

இரண்டாவது, காரம். சலவைச் சோடா, சாதாரணச் சோப்புத்தூள், கட்டிச் சோப்பு ஆகியவை காரத்தன்மை உடையவை. அவை புரதத்தை அரித்து, கம்பளியை மொரமொரப்பாக்கி, சாயத்தையும் கரையச் செய்யும். குளோரின் கலந்த வெளுப்பானோ இன்னும் கொடியது. கம்பளி நூல் ஒன்றை அதில் போட்டு வைத்தால், நூல் கரைந்தே போய்விடும்.

மூன்றாவது, என்சைம் கலந்த சலவைப் பொருள்கள். இரத்தம், பால் முதலிய புரதக் கறைகளைத் தின்று தீர்ப்பதற்காகவே அவற்றில் என்சைம் சேர்க்கிறார்கள். கம்பளியும் புரதமே. கறையைத் தின்னும் பொருள் விரிப்பையும் தின்னும் என்பதை மறத்தலாகாது.

விரிப்பை அறிந்துகொள்ளுதல்

தேக்கா வட்டாரக் கடைகளிலும் அரபு வீதியிலும் விற்கும் தொழுகை விரிப்புகள் யாவும் கம்பளி அல்ல. பளபளக்கும் வெல்வெட் விரிப்புகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். கம்பளியா என்று ஐயம் உண்டாயின், விரிப்பின் அடியிலிருந்து ஓரிழையை எடுத்து, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துத் தீயில் காட்டுக. மயிர் கருகும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் கிடைத்தால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை. காகிதம் எரிவதுபோல் எரிந்தால் பருத்தி அல்லது ரேயான். கடைகளில் செயற்கைப் பட்டு என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இந்த ரேயானே. அது நனைந்தால் வலுவிழந்துவிடும். ஆதலின் அதை வீட்டில் கழுவுதல் கூடாது.

அடுத்து விரிப்பைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேற்புறத்துச் சித்திரம் அடிப்புறத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கையால் முடிச்சிட்டு நெய்தது. ஈரான், துருக்கி, காஷ்மீர், உத்தரப்பிரதேசத்துப் பதோஹி ஆகிய இடங்களின் கம்பளங்கள் இவ்வகை. அடிப்புறம் முழுதும் ஒரு துணி ஒட்டி மறைத்திருந்தால், அது ரப்பர் பசையால் மயிரை ஒட்டவைத்த விரிப்பு. இதைத் தண்ணீரில் முக்கினால் உள்ளே புகுந்த ஈரம் எளிதில் வெளிவராது. பசையும் நாளடைவில் பொடிந்து உதிரும். இவ்வகையை ஈரத்துணியால் துடைக்கலாமேயன்றிக் கழுவுதல் ஆகாது.

இவ்வூர்க் காற்றின் இயல்பு

முறையைக் கூறுமுன் சிங்கப்பூரின் காற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் வேறு நாட்டினர் எழுதிய முறைகளை இங்கே அப்படியே கையாண்டால் கேடு விளையும். வறண்ட காற்றுள்ள ஊரில் சில மணி நேரத்தில் உலரும் விரிப்பு, இங்கே இரண்டு நாளாகியும் உலர்வதில்லை.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். விரிப்பு உலர்வதற்கு ஏற்ற நேரம் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டுமே என்பது இதனால் விளங்கும். ஆண்டில் டிசம்பர் மாதம் மழை மிகுந்தது. பிப்ரவரி மாதம் மழை குறைந்தது. ஆகவே விரிப்பைக் கழுவ விரும்புவோர் ஜனவரி இறுதி முதல் மார்ச்சு வரையுள்ள காலத்தைத் தேர்ந்துகொள்வது சிலாக்கியம். வடகிழக்குப் பருவக் காற்றின் வறண்ட பகுதி அதுதான். பெருநாள் எந்த மாதத்தில் வந்தாலும் சரியே. கழுவும் நாளை வானம் பார்த்துக் குறிக்க வேண்டும்.

நம் ஊரின் பெயர்களே இவ்வுண்மையை நினைவூட்டுகின்றன. டோபி காட் என்று இன்று நாம் அழைக்கும் இடத்தில், முற்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்து, அருகிலிருந்த திறந்தவெளிப் புல்தரையில் உலர்த்தினர். அந்த ஓடையின் பெயர் பெராஸ் பாசா. மலாய் மொழியில் நனைந்த அரிசி என்பது அதன் பொருள். நனைந்த அரிசியைக் கரையில் பரப்பி உலர்த்தியதால் வந்த பெயர் என்று கூறுவர். அத்தொழிலாளருக்கு ஓடை எவ்வளவு அவசியமோ, புல்வெளியும் அவ்வளவு அவசியமாயிருந்தது. இன்று நம்மிடம் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, புல்வெளி இல்லை. நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். ஆதலின் நாம் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி இதுவே: ஒரே நாளில் உலர்த்த முடியாத விரிப்பை நனைக்கக் கூடாது.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும், கையால் தொட்டால் ஈரமில்லாதது போலவே தோன்றும். தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று சுருட்டி வைத்தவர்கள் ஏமாறுவது இதனால்தான். இருபத்துநான்கு மணி முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் வரை ஈரம் உள்ளே தங்கினால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். பிறகு பருத்திப் பாவு மக்கி, மடிக்கும்போது விரிப்பு முறியும்.

கம்பளி வலுவற்றது என்று இதனால் எண்ணிவிடலாகாது. 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியிலுள்ள பசிரிக் என்னுமிடத்தில் ருதென்கோ என்ற ரஷ்ய அறிஞர் ஒரு பழைய புதைகுழியைத் தோண்டியபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கம்பளி விரிப்பு ஒன்று சித்திரங்கள் விளங்க வெளிப்பட்டது. பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்ததால் அது கெடவில்லை. கம்பளிக்குப் பகை காலம் அன்று. வெப்பத்தோடு கூடிய ஈரமே. அவ்விரண்டும் நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்டு.

முதற்படி: தூசியை நீக்குதல்

ஆழச் சுத்தம் என்றதும் தண்ணீரை நினைக்கிறோம். உண்மையில் கம்பளி விரிப்பிலுள்ள அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசிதான். மணல் துகள், உதிர்ந்த தோல், நூல் பிசிறு, தலைமயிர் ஆகியவை முடிச்சுகளின் அடியில் போய்த் தங்குகின்றன. கூர்மையான மணல் துகள், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் மயிரை அடியில் அறுக்கிறது. இந்தத் தூசியோடு தண்ணீர் சேர்ந்தால் சேறாகும். சேறு அடியில் உறைந்தபின் அதை எடுப்பது மிகக் கடினம். ஆகவே தூசி எடுத்தல் முதலில், தண்ணீர் பின்னர்.

விரிப்பைச் சுத்தமான தரையில் கவிழ்த்துப் போடுக. அடிப்புறத்தில் தூசு உறிஞ்சும் யந்திரத்தை மெதுவாக நகர்த்துக. யந்திரம் இல்லாதவர்கள் உள்ளங்கையால் வரிசையாகத் தட்டலாம். அதிர்ச்சியில் தூசி கீழே உதிரும். விரிப்பைத் தூக்கினால் தரையில் மெல்லிய மணற்படுகை தெரியும். அதைப் பெருக்கிவிட்டு மறுபடியும் தட்டுக. மணல் விழுவது நிற்கும்வரை இவ்வாறு செய்தல் வேண்டும். நான்கைந்து முறையும் ஆகலாம். பிறகு நிமிர்த்துப் போட்டு, மயிர் படியும் திசையில் மேற்புறத்தைச் சுத்தம் செய்க. சுழலும் தூரிகை உள்ள யந்திரமானால் அத்தூரிகையை நிறுத்திவிட வேண்டும். ஓரத்துக் குஞ்சங்களின் மேல் யந்திரத்தைக் கொண்டுபோகலாகாது. அவை சிக்கி அறுந்துபோகும்.

அடுக்குமாடியின் நடைபாதைச் சுவரில் போட்டு அடிப்பது பலர் வழக்கம். தூசி கீழ்வீட்டாரின் சன்னல் வழியாக அவர்கள் சோற்றுப் பானையில் போய் விழும். அண்டை வீட்டாரின் உரிமை எத்தகையது என்று நாம் அறிவோம். ஆகவே மேலே சொன்னபடி வீட்டுக்குள்ளேயே கவிழ்த்துத் தட்டுவது நல்லது.

இந்த ஒரு படியை மாதம் ஒரு முறை ஒழுங்காகச் செய்துவந்தால், தண்ணீர் விட்டுக் கழுவும் தேவை பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும்.

இரண்டாம் படி: சாயத்தைச் சோதித்தல்

கழுவத் தீர்மானித்தபின், எந்த நீரில் கழுவப் போகிறோமோ அதே கரைசலில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, விரிப்பிலுள்ள ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஐந்து நிமிஷம் அழுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பும் கருநீலமும் முக்கியமாகக் கவனிக்கத்தக்கவை. துணியில் சாயம் ஏறினால் அந்த விரிப்பை வீட்டில் கழுவவே கூடாது. இச்சோதனைக்கு அரைமணி நேரம் பிடிக்கும். இதைச் செய்யாது விட்டால், சிவப்புச் சாயம் வெள்ளைக் கரையில் ஓடி, பாட்டனார் காலத்து விரிப்பு ஒரே நாளில் பாழாகும்.

மூன்றாம் படி: கழுவுதல்

வீட்டில் கழுவுவதற்கு ஏற்றவை தொழுகை விரிப்பு அளவுள்ளவை. மிஞ்சினால் மூன்றடிக்கு ஐந்தடி. அதற்கு மேற்பட்டது நனைந்தால் தூக்க முடியாத பாரமாகிவிடும்.

குளியலறைத் தரையை நன்கு தேய்த்துக் கழுவி, பழைய சோப்பின் மிச்சமில்லாமல் செய்துகொள்க. குழாயில் வரும் தண்ணீரே போதும்; சூடாக்க வேண்டியதில்லை. நான்கு லிட்டர் நீருக்கு, கம்பளிக்கென்று விற்கும் மென்மையான சலவைத் திரவம் ஒரு மேசைக்கரண்டி கலக்குக. திரவம் மிகுந்தால் அழுக்கு விரைவில் போகும் என்று எண்ணற்க. மிஞ்சிய சோப்பு மயிரில் தங்கி, பசைபோல் புதுத் தூசியைப் பிடித்துவைக்கும்.

நம் தாய்மார்கள் பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டை உபயோகித்தது அறிவுடைய செயலே. அதன் நுரையில் காரம் இல்லை. இன்றும் தேக்காவில் கிடைக்கிறது. கொட்டையை நீக்கிய தோலை ஊறவைத்துக் கசக்கி, துணியில் இரண்டு முறை வடிகட்டி உபயோகிக்கலாம். ஆனால் வெளிர் நிறக் கம்பளியில் அது மஞ்சள் படியச் செய்யக்கூடும்; முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்க. சீயக்காய்த் தூள் வேண்டாம். அதன் பொடி முடிச்சுகளுக்குள் புகுந்தால் வெளிவராது.

பஞ்சினாலோ மென்மையான துணியினாலோ கரைசலைத் தொட்டு, மயிர் படியும் திசையிலேயே அழுத்தி நீவ வேண்டும். வட்டமாகத் தேய்ப்பதும் முரட்டுத் தூரிகையும் கூடா. பிறகு சுத்த நீர் விட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தள்ளித் தள்ளி, வெளிவரும் நீர் தெளியும்வரை அலச வேண்டும். கடைசி அலசலில் ஐந்து லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்துக்கொண்டால், எஞ்சிய காரம் நீங்கி, கம்பளி மென்மை பெறும்.

விரிப்பில் அசுத்தம் பட்டிருப்பின், அது தொழுகைக்குரிய முறையில் தூய்மையாவதற்கான சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்க. இங்கே நாம் கூறுவது கறையும் நாற்றமும் போக்கும் வழி மட்டுமே.

நான்காம் படி: உலர்த்துதல்

முழு வேலையிலும் பிரதானமானது இதுவே. விரிப்பை முறுக்கிப் பிழியலாகாது. தரையில் விரித்தபடியே, ரப்பர் விளிம்புள்ள தள்ளியால் நீரை ஓரத்துக்குத் தள்ளுக. பின் காய்ந்த பூத்துவாலைகளின் மேல் வைத்துச் சுருட்டி, காலால் மெதுவாக மிதிக்கவும். துவாலையை மாற்றி மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தால் பெரும்பகுதி நீர் வெளியேறிவிடும்.

நனைந்த விரிப்பை சன்னலுக்கு வெளியே மூங்கிற் கழியில் தொங்கவிடுவதில் இரண்டு தீமைகள் உண்டு. நீரின் பாரத்தால் பாவு இழுபட்டு விரிப்பு கோணலாகும். கழி நழுவினால் கீழே செல்வோரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டுக்குள், துணி உலர்த்தும் தட்டியின் மேலோ இரண்டு நாற்காலிகளின் மேல் குறுக்கே வைத்த சட்டங்களின் மேலோ படுக்கையாகப் போட்டு, மேலும் கீழும் காற்று படும்படி மின்விசிறி வைக்க வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போடுக. வெளியே மழை பிடித்துக்கொண்டால் சன்னலை மூடி, குளிர்சாதனத்தையோ ஈரம் உறிஞ்சும் கருவியையோ இயக்குவது நலம்.

வெயிலில் காயப்போடலாமா என்று கேட்பர். சிறிது நேரம் போடலாம். நாள் முழுதும் கூடாது. ஹிஜ்ரி 946இல் நெய்து முடிக்கப்பட்ட அர்தபீல் கம்பளம் இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சாயம் மங்காதிருக்கும் பொருட்டு, அரைமணிக்கொருமுறை பத்து நிமிஷம் மட்டுமே அதன்மேல் விளக்கு ஏற்றும் முறையை அங்கே கையாண்டுள்ளனர். விளக்கொளிக்கே அவ்வளவு எச்சரிக்கையென்றால், நம் நடுப்பகல் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ!

உலர்ந்துவிட்டதா என்று பார்க்க, மயிரைத் தொட்டால் போதாது. மயிரை விலக்கி அடி முடிச்சையும், குஞ்சம் தொடங்கும் ஓரத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி தோன்றினால் ஈரம் இன்னும் இருக்கிறது. ஐயமிருந்தால் மேலும் ஓர் இரவு விசிறியின்கீழ் விட்டுவைப்பதே பத்திரம்.

சில கறைகள்

எந்தக் கறையாயினும் முதலில் செய்ய வேண்டியது ஒற்றி எடுப்பது, தேய்ப்பது அன்று. தேய்த்தால் கறை அகலமாகவும் ஆழமாகவும் பரவும்.

மஞ்சள் கலந்த குழம்பு பட்டால் சோப்புப் போடக்கூடாது. காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும் என்பதைக் கைகழுவும்போதே பார்த்திருக்கிறோம். குளிர்ந்த நீரில் சிறிது வினிகர் கலந்து ஒற்றி எடுக்க வேண்டும். எஞ்சும் நிறம் ஒளியில் நாளடைவில் மங்கும்.

நோன்பு திறக்கும் வேளையில் ரோஜாச் சர்பத்தோ பண்டோங் பானமோ சிந்தினால், அப்போது வினிகர் கூடாது. அதிலுள்ள சிவப்பு நிறம் கம்பளிக்குச் சாயமேற்றும் வகையைச் சேர்ந்தது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்நிறம் கம்பளியில் நிலைத்துவிடும். உடனே குளிர்ந்த நீர் மட்டும் விட்டு ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

தே தாரிக் சிந்தினால் குளிர்ந்த நீரும், பின் சிறிது கம்பளிச் சலவைத் திரவமும் போதும். நெய் சிந்தினால் சோளமாவைத் தூவி, ஒரு மணி நேரம் விட்டு, மிச்சமின்றி எடுத்துவிட வேண்டும். மாவு தங்கினால் பூச்சி வரும். குழந்தையின் சிறுநீர் உடனே எடுக்கப்படாவிட்டால் நாளடைவில் காரமாகிச் சாயத்தைக் கெடுக்கும். குளிர்ந்த நீரால் பலமுறை ஒற்றி, இறுதியில் வினிகர் கலந்த நீரால் துடைத்து உலர்த்துக.

அந்துப்பூச்சியும் அந்துருண்டையும்

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. கம்பளி வண்டின் புழுவும் தின்னும். இருளும் அமைதியும் அவற்றுக்கு விருப்பம். நாற்காலியின் கீழும், அலமாரியின் அடியிலும், ஆண்டுக்கணக்காகச் சுருட்டி வைத்த இடத்திலும் அவை பெருகும். வியர்வையும் எண்ணெயும் படிந்த அழுக்குக் கம்பளி அவற்றுக்கு இன்னும் உகந்த உணவு. ஆகவே சுத்தம் செய்து, முழுதும் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே சரியான காவல். பிளாஸ்டிக் உறை உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்துவைக்கும். மூன்று மாதத்துக்கொருமுறை விரித்துப் பார்த்து, காற்றாட விடுக. சிறிய தொழுகை விரிப்பில் புழு கண்டால், அதைப் பையில் இட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, உறைநிலைப் பெட்டியில் சுழியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் ஒரு வாரம் வைத்தெடுக்கலாம். வெளியே எடுத்தபின், குளிர் நீங்கும்வரை பையைத் திறக்கலாகாது. திறந்தால் ஈரம் படியும்.

இங்கே பெற்றோர் யாவரும் கவனிக்க வேண்டிய ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். பாச்சை உருண்டை என்றும் அந்துருண்டை என்றும் நாம் சொல்லும் வெள்ளை உருண்டையைக் கம்பளத்தோடு சுருட்டி வைப்பது பழைய வழக்கம். அவ்வுருண்டை நாப்தலீனால் ஆனது. ஜி6பிடி என்னும் ஒரு பொருள் இரத்தத்தில் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்கள் நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சட்காமாலை கண்டு, முளையே பாதிக்கப்படலாம். சிங்கப்பூரில் முன்பு பல பச்சிளங் குழந்தைகள் இக்காமாலையால் மாண்டனர். பேராசிரியர் வோங் ஹாக் பூன் முதலிய மருத்துவர்களின் ஆராய்ச்சியால் காரணம் விளங்கி, 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளின் இரத்தத்தில் இக்குறை உண்டா என்று சோதிக்கும் முறை ஏற்பட்டது. குறையுள்ள குழந்தையின் பெற்றோருக்கு, வீட்டில் அந்துருண்டை வைக்காதீர்கள் என்று மருத்துவமனையிலேயே அறிவுரை கூறுகிறார்கள்.

ஆனால் பாட்டி வீட்டு அலமாரியிலுள்ள விரிப்புச் சுருள் மருத்துவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளையைப் பார்க்கும் மகிழ்ச்சியில், உருண்டை வாடை வீசும் அந்த விரிப்பை எடுத்து விரித்து, பிள்ளையை அதன்மேல் கிடத்துபவர்கள் நாம்தான். ஒரு விரிப்பைக் காக்கப்போய் ஒரு குழந்தையை இழக்கலாமா? அந்துருண்டை உங்கள் வீட்டில் இருக்குமானால் இன்றே அகற்றிவிடுக. உங்கள் குழந்தைக்கு அக்குறை இல்லாவிடினும், வருகிற விருந்தாளியின் குழந்தைக்கு இருக்கலாம்.

மூச்சுத் தொல்லை உள்ள இல்லங்கள்

கண்ணுக்குப் புலப்படாத தூசிச் சிற்றுண்ணிகள் விரிப்பிலும் மெத்தையிலும் வாழ்கின்றன. இவை கடிப்பதில்லை, உதிர்ந்த தோலைத் தின்று வாழும். இவற்றின் எச்சம் மூச்சில் கலந்தால் சிலருக்குத் தும்மலும் ஆஸ்துமாவும் வரும். சிங்கப்பூர் வீடுகளில் புளோமியா டிராபிகாலிஸ் என்னும் இனம் மிகுதி என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். 55 பாகைக்கு மேற்பட்ட வெந்நீர் இவற்றைக் கொல்லும். ஆனால் கம்பளி அதைத் தாங்காது. ஆகவே ஆஸ்துமா உள்ள குழந்தை உறங்கும் அறையில் கம்பளி விரிப்பு இல்லாதிருப்பதே மேல். அக்குழந்தைக்கு வெந்நீரில் துவைக்கத்தக்க மெல்லிய பருத்தி விரிப்பைத் தொழுகைக்குத் தரலாம்.

பிறரிடம் கொடுக்க வேண்டியவை

பெரிய கம்பளம், மிகப் பழையது, சாயம் கசிவது, பட்டு கலந்தது, ரப்பர் பசை உள்ளது ஆகியவற்றைத் தொழில் அறிந்தவரிடம் கொடுப்பதே முறை. கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க: தண்ணீர் விடுமுன் தூசி எடுக்கிறீர்களா? சாயத்தைச் சோதிப்பீர்களா? எங்கே, எத்தனை மணி நேரத்தில் உலர்த்துவீர்கள்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கூறாதவரிடம் கொடுக்க வேண்டாம். விரிப்பின் இருபுறத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இரசீதும் பெற்றுக்கொள்க.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துக் கூறின்: முதலில் தூசியை எடு, அடுத்து சாயத்தைச் சோதி, உலர்த்த வழி இருந்தால் மட்டும் நனை, உலர்ந்ததென்று உறுதி செய்தபின் சுருட்டு, அந்துருண்டையை வீட்டுக்குள் சேர்க்காதே. இவற்றுள் எதற்கும் பெரும் பணச்செலவு இல்லை. வேண்டியதெல்லாம் மாதம் ஒருநாள் ஒருமணி நேரமும் சிறிது பொறுமையுமே. வீட்டிலுள்ள ஆண்மக்களும் பிள்ளைகளும் இவ்வேலையில் கைகொடுத்தால் தாய்மார்களின் பளு குறையும். விரிப்பும் அடுத்த தலைமுறைக்கு நல்லபடி போய்ச் சேரும். அவ்வாறே செய்து நலம் பெறுவோமாக.